தேரிக்காட்டுப் போரும் நெருஞ்சியின் துதிக்கையும்

அந்தக் காலத்தில், மிருகங்களுக்குப் பேச்சும் பேச்சால் வரும் வம்பும் வாய்த்திருந்த காலத்தில், குடக்குமலை முழுவதும் யானைகளின் ராஜ்யமாக இருந்தது. மேற்கே மழைமேகம் முட்டி நிற்கும் உச்சி முதல் கிழக்கே சமவெளி தொடங்கும் மூங்கில்காடு வரை அவர்கள் வைத்ததுதான் சட்டம். புலிகூட ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வந்தால், யானைகள் குடித்து முடிக்கட்டும் என்று புதருக்குள் ஒதுங்கி நிற்கும். அவர்களைச் சண்டைக்கு இழுக்க அக்கம்பக்கத்தில் ஆளே கிடையாது. அப்படிப்பட்டவர்கள், கண்ணால் பார்த்திராத ஒரு சீமையில், யார் எவர் என்றே தெரியாத இரண்டு கூட்டத்தாரின் சண்டைக்குள் போய் விழுந்தார்கள். தடுக்கி விழவில்லை. யோசித்து, கூடிப் பேசி, மரியாதையோடு போய் விழுந்தார்கள்.

அந்தச் சீமைக்குத் தேரிக்காடு என்று பெயர். கிழக்கே நடந்து நடந்து, கடல் வந்துவிடுமோ என்று தோன்றும் இடத்தில் செம்மணல் மேடு மேடாகக் கிடக்கும். மணலை விட்டால் பனைமரம். அங்கே பழம் விழும் காலத்தில் பகலெல்லாம் காட்டுப்பன்றிகள் தின்னும், இருட்டிய பிறகு முள்ளம்பன்றிகள் வளையை விட்டு வந்து தின்னும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே தலைமுறை தலைமுறையாக நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வருஷம் பன்றிகளுக்கு இரவிலும் பசித்தது. சண்டை அங்கே தொடங்கியது.

இதில் யானைக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நெருஞ்சியும் அதைத்தான் கேட்டாள்.

நெருஞ்சி ஓர் இளம் பெண்யானை. அம்மா வைத்த பெயர் வேறு. யார் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்டுக் குத்துகிறாள் என்று கூட்டத்தார் அவள் கன்றாக இருந்தபோதே வைத்த பெயர்தான் நிலைத்தது. அவள் அதை வசவாக எடுத்துக்கொள்ளவில்லை. நெருஞ்சி பூக்கவும் செய்யும் என்பாள்.

யானைகளின் சபை நடுவில் ஒரு பெரிய பாறை இருந்தது. பேச்சுப்பாறை. அதில் ஏற வேண்டுமானால் தந்தம் வேண்டும். ஆகவே பெண்யானைகள் ஏறியதில்லை. இன்னொரு வழக்கமும் இருந்தது. பாறைமேல் நிற்பவர் பேசி முடிக்கும்வரை கீழே நிற்கும் அத்தனை பேரும் துதிக்கை நுனியை மண்ணில் ஊன்றி வைத்திருக்க வேண்டும். அதுதான் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை. எங்கோ பெய்கிற மழையை இங்கே நின்று முகர்ந்து சொல்லும் மூக்கு அது. உலகத்திலேயே அப்படி ஒரு மூக்கு வேறு யாருக்கும் கிடையாது. பெரியவர் வாயைத் திறந்ததும் அந்த மூக்கு மண்ணுக்குள் போய்விடும்.

அந்தப் பாறையில்தான் முதன்முதலாகக் கோடன் தேரிக்காட்டைப் பற்றிப் பேசினான். கோடன் படைத்தலைவன், அரசர் கருமலையாரின் வலக்கை, நெருஞ்சிக்குத் தாய்மாமன் முறை. காட்டின் எல்லையில் சேற்றான் என்ற பன்றி தூது வந்து அழுததாகவும், அதைக் கேட்டுத் தன் நெஞ்சு வெடித்ததாகவும் சொன்னான்.

"முள்ளம்பன்றிக் கூட்டம் இன்றைக்குப் பனங்காட்டைப் பிடிக்கும். நாளைக்கு ஆற்றைப் பிடிக்கும். அதற்கு அடுத்து நம் மலைக்கு வரும். வந்த பிறகு வருத்தப்பட்டு என்ன பயன்?"

"மாமா," என்றாள் நெருஞ்சி, துதிக்கையை மண்ணில் வைத்தபடியே. "நமக்கே அது அத்தனை நாள் நடை. முள்ளம்பன்றிக்குக் கால் என்ன உயரம் இருக்கும்? அது கிளம்பி இங்க வந்து சேர்றதுக்குள்ள வழியிலயே பேரன் பேத்தி எடுத்துடுமே."

பெண்யானைகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துதிக்கை மண்ணில் இருந்ததால் ஆளுக்கொரு புழுதிக்குமிழ் கிளம்பியது.

"தந்தம் இல்லாதவங்க பாறைப் பேச்சில் குறுக்கே வரக் கூடாது" என்றார் கருமலையார்.

"நான் பேசலை அய்யா. கேட்கத்தானே செய்றேன்."

"கேட்கவும் கூடாது."

அத்தோடு அது முடிந்தது. கோடன் குரலைத் தணித்துக்கொண்டான். "சண்டைக்கு யாரையும் அனுப்பச் சொல்லவில்லை. இரண்டு பேர் போய்ச் சும்மா நின்று பார்த்துவிட்டு வரட்டும்."

யானை ஒரு பக்கம் போய்ச் சும்மா நிற்க முடியுமா? அது எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் படை வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? பன்றிகளுக்கு அது புரிந்தது, முள்ளம்பன்றிகளுக்கும் புரிந்தது. புரியாதவர்கள் குடக்குமலையில் மட்டும் இருந்தார்கள்.

போன இருவரும் முதல் நாளே முள்ளை மிதித்துப் படுத்துவிட்டார்கள். அவர்களைப் பத்திரமாக அழைத்துவர ஒரு கூட்டம் போனது. அழைத்துவரப் போனவர்களும் நொண்ட ஆரம்பித்தார்கள். யானையின் பாதம் பார்ப்பதற்குத்தான் உரல். உள்ளே அவ்வளவு மெத்து. இப்போது அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய நாடு இத்தனூண்டு பிராணியிடம் தோற்றதாமா என்று நாலு பேர் பேசமாட்டார்களா என்றான் கோடன். அந்த நாலு பேர் யார் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாவதாக ஒரு பெரும்படை போனது. அதில் நெருஞ்சியின் தம்பி கடம்பனும் போனான்.

கோடை முற்றி மூங்கில் காய்ந்துபோன சமயத்தில், இன்னும் ஆள் வேண்டும் என்ற செய்தியோடு கடம்பனை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். மூன்று காலில் வந்து சேர்ந்தான். நெருஞ்சி அவனை ஓடைக்குள் இறக்கி, புண்பட்ட காலைத் தண்ணீரில் ஊறவைத்து, துதிக்கை நுனியால் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினாள்.

"மெதுவாக்கா."

"போறப்ப துள்ளிக்கிட்டுப் போனே. இப்ப மெதுவாங்கிறியா. காலைக் காட்டு."

நகத்திடுக்கில் மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. நார் நாராக வந்தது. அந்த மாதிரி ஒரு வாசனையை அவள் மலையில் எங்கும் முகர்ந்ததில்லை. தேன் மாதிரியும் இருந்தது, புளித்த மாதிரியும் இருந்தது. ஓடைத் தண்ணீரில் அலசியும் போகவில்லை.

"என்னடா இது?"

"பனம்பழம். எங்கேயோ மிதிச்சிருக்கேன். ஒருதடவை ஒட்டிக்கிட்டா லேசுல போகாது. நார் பல்லுல மாட்டினா ஒரு வாரம் மணக்கும்னு பன்றிங்க பெருமையா பேசிக்கும்."

"நீ தின்னியா?"

கடம்பன் சிரித்தான். "எங்களுக்கு யாரு குடுத்தா? பழத்தையெல்லாம் குவிச்சு வச்சு காவல் போட்டிருக்காங்க. எங்களுக்குக் காவோலை. காய்ஞ்ச ஓலையைத் தின்னுட்டுத்தான் அவங்களுக்காகச் சண்டை போட்டோம். தினமும் பன்றிங்க ஆளுக்கொரு பழத்தைக் கவ்விக்கிட்டு வரிசையா மேற்கே போகும். எங்க போகுதுன்னு கேட்டா, உனக்கு எதுக்குடாம்பாங்க."

"மேற்கே என்னடா இருக்கு?"

"நாமதான் இருக்கோம்" என்றான் கடம்பன். அவனுக்கே அது அப்போதுதான் உறைத்தது.

நெருஞ்சி கடைசி முள்ளைப் பிடுங்கித் தூர எறிந்தாள். "முள்ளம்பன்றி எப்படிடா இருக்கும்? நேர்ல பார்த்தியா?"

"நம்ம முட்டி உயரம் இல்லைக்கா. வளை வாசல்ல நின்னுச்சு. மிதிச்சுடலாம்னு காலைத் தூக்கினேன். அது ஓடலை. 'நாங்க உங்களுக்கு என்னய்யா செஞ்சோம்?'னு கேட்டுச்சு. பதில் தெரிஞ்சா மிதிச்சிருப்பேன். தெரியலை. காலைத் தள்ளி வச்சேன். தள்ளி வச்ச இடத்துல முள்ளு கிடந்துச்சு."

"இந்தக் காலோட இனி நீ எங்கேயும் போகக் கூடாது."

"நாளைக்குச் சபை. மொத்தக் கூட்டமும் கிளம்புதுன்னு மாமா சொல்லிட்டார். வழி தெரிஞ்சவன்னு என்னைத்தான் முன்னால நிறுத்தப் போறாங்க."

"நடந்து போய்ச் சேருவியா?"

"போய்ச் சேருவேன். திரும்பறதைப் பத்தி யாரும் கேட்கலை."

நெருஞ்சி தம்பியின் காலைத் தண்ணீருக்குள் திரும்ப இறக்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் சபை கூடியது. பட்டினிக் காலம் என்பது பார்த்தாலே தெரிந்தது. கன்றுகளின் விலா எண்ணுகிற மாதிரி இருந்தது. தாய்களின் கன்னம் ஒட்டியிருந்தது. மூங்கில் பட்டையையும் வேரையும் தின்று நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாறைமேல் ஏறிய கோடன் மட்டும் மழைக்காலத்து யானை மாதிரி பளபளவென்று இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் பன்றித் தூதன் சேற்றான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பின்னால் கருமலையார். கீழே, எல்லோருக்கும் முன்னால், மூன்று காலில் கடம்பன்.

அத்தனை துதிக்கையும் மண்ணில் ஊன்றியது.

"இதுவரை போனவர்கள் பட்ட பாடு வீணாகப் போகலாமா?" என்று தொடங்கினான் கோடன். "குத்துப்பட்ட ஒவ்வொரு காலும் நம்மைக் கேட்கிறது. இப்போது நிறுத்தினால் அந்த வலிக்கு அர்த்தம் என்ன? நான் எனக்காகக் கேட்கவில்லை. எனக்கென்று ஒரு கவளம்கூட நான் கேட்டதில்லை. நம்மிடம் இருப்பது தியாகம். அந்தத் தியாகத்தை..."

அந்த இடத்தில் கோடனுக்கு ஏப்பம் வந்தது.

நல்ல பெரிய ஏப்பம். அடக்கிப் பார்த்தான், அடங்கவில்லை. காற்று மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மண்ணில் ஊன்றிய துதிக்கைகளுக்குப் புழுதி வாசனை தவிர எதுவும் எட்டவில்லை. தியாகத்தை நினைத்துத் தொண்டை அடைத்துவிட்டது போலும் என்று இரண்டு கிழக் களிறுகள் கண்ணீர்கூட விட்டன.

நெருஞ்சி மண்ணிலிருந்து துதிக்கையை எடுத்தாள். தூக்கினாள். நுனியை வளைத்துக் காற்றில் நீட்டினாள்.

பக்கத்தில் நின்ற அத்தை பதறிப்போய், "அடியே, கீழே வை. சபை பார்க்குது" என்றாள்.

"சபை பார்க்கட்டும் அத்தை. யாராவது ஒருத்தர் பார்க்கணுமில்ல."

தேன் மாதிரி இருந்தது. புளித்த மாதிரியும் இருந்தது.

அவள் வரிசையை விலக்கிக்கொண்டு நடந்தாள். கடம்பனைத் தாண்டினாள். பாறைமேல் முன்னங்காலை வைத்தாள். இதுவரை எந்தப் பெண்யானையும் வைக்காத கால். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இதற்குத் தண்டனை என்னவென்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"இறங்கு" என்றார் கருமலையார்.

"இறங்கிடறேன் அய்யா. அதுக்கு முன்னால என் வாயைப் பாருங்க." வாயை அகலத் திறந்தாள். "மூங்கில் பட்டை. நேத்துத் தின்ன ஆலவேர். நல்லா முகர்ந்து பாருங்க. வேற ஏதாவது இருந்தா இப்பவே என்னைக் காட்டை விட்டுத் துரத்துங்க. பார்த்தாச்சா? இப்ப என் முறை."

கோடனுக்கு அவள் எங்கே வருகிறாள் என்று புரிவதற்குள் துதிக்கை அவன் வாய்க்குள் போயிருந்தது. தாய்மாமன் வாய்க்குள். படைத்தலைவன் வாய்க்குள். கடைவாய்ப் பல் வரை போய்த் துழாவி, சிக்கியதை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. மஞ்சளாக, நீளமாக, சாறு காயாத ஒரு நார்.

அதை அவள் கடம்பன் முகத்துக்கு நேரே கீழே போட்டாள். "தம்பி, இது என்னன்னு சபைக்குச் சொல்லு."

கடம்பன் குனிந்து முகர்ந்தான். அவன் சொன்னது கடைசி வரிசைக்கும் கேட்டது.

"பனம்பழம். நம்ம மலையில ஒரு பனைகூடக் கிடையாது."

அப்புறம் அங்கே நடந்ததை யாரும் ஆணையிட்டு நடத்தவில்லை. முதலில் அத்தை துதிக்கையைத் தூக்கினாள். அப்புறம் ஒரு தாய். அப்புறம் மொத்தச் சபையும். காலங்காலமாக மண்ணில் கிடந்த துதிக்கைகள் ஒரே நேரத்தில் எழுந்ததும் காடு எழுந்து நின்றது போல இருந்தது. பாறையைச் சுற்றிலும் பனம்பழம் மணப்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. எப்போதும் அங்கே மணந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. போருக்கு முதலில் தலையாட்டிய பெரியவர்களைத் தேடிப் பிடித்து, "வாயைத் திறங்க மாமா", "சித்தப்பா, கொஞ்சம் ஆ காட்டுங்க" என்று பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சில வாய்கள் சட்டென்று திறந்தன, சுத்தமாக இருந்தன. சில வாய்களுக்குத் திடீரென்று பல்வலி வந்தது.

கோடன் சுதாரித்துக்கொண்டான். "ஆமாம், தின்றேன். அதனால் நான் சொன்னது பொய்யாகிவிடுமா? நாட்டின் மானம் என்று ஒன்று இல்லையா? குத்துப்பட்டவர்களின் வலிக்கு என்ன பதில்?"

"முள்ளு குத்தின காலுக்கு மருந்து இன்னொரு காலா மாமா?" என்றாள் நெருஞ்சி. "முதல்ல ரெண்டு பேரைச் சும்மா நிக்க அனுப்பினீங்க. அவங்களைக் கூட்டிட்டு வர ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்காக ஒரு படை. இப்ப படைக்காக நாங்க எல்லாரும். எங்களுக்காக அடுத்து யாரை அனுப்புவீங்க, வயித்துல இருக்கிற கன்றையா? ஒவ்வொரு தடவையும் முந்தின தப்பைத்தானே காரணமாச் சொன்னீங்க. முதல் காரணம் எதுன்னு கேட்டேன். அது இப்பத்தான் உங்க பல்லிடுக்குல கிடைச்சுது."

கோடன் அரசரைப் பார்த்தான். சபையும் அரசரைப் பார்த்தது. நெருஞ்சி அவர் பக்கம் திரும்பினாள்.

"அய்யா."

கருமலையார் வாயைத் திறக்கவில்லை. நெடுநேரம் திறக்கவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"ஒன்றே ஒன்றுதான். கோடன் கொண்டுவந்து வைத்தான். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை."

"அந்த ஒண்ணோட விலை கீழ மூணு காலில நிக்குது" என்றாள் நெருஞ்சி.

அவர் கடம்பனைப் பார்த்தார். அதுவரை அவர் அவனைப் பார்த்ததே இல்லை. வழிகாட்டி ஒருவன் நிற்கிறான் என்று மட்டும் தெரியும். பார்த்த பிறகு பாறையை விட்டுத் தானாக இறங்கி, கூட்டத்தின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். அதற்கப்புறம் அந்தப் பாறையில் யாரும் ஏறவில்லை. யானைக்கூட்டத்துக்கு முன்னால் நடந்து வழி சொல்லும் வேலை அன்றைக்குப் பெண்களிடம் வந்தது.

சேற்றானுக்கு அப்போதுதான் தன் காரியம் கெட்டது என்று உறைத்தது. "நீங்கள் கொடுத்த வாக்கு என்ன ஆவது?" என்று கத்தினான். "யானை வாக்குத் தவறலாமா? படையோடு வருவதாகச் சொன்னீர்களே."

"எந்த வாய் சொன்னது?" என்று கேட்டாள் நெருஞ்சி.

சேற்றான் கோடனைக் காட்டினான்.

"அப்ப அந்த வாயையே கூட்டிட்டுப் போங்க" என்றாள் நெருஞ்சி. "தாராளமா. வாக்கு குடுத்தது அது, பழம் தின்னதும் அது. அது போய்ச் சண்டை போடட்டும். நாங்க குறுக்கே நிக்க மாட்டோம்."

சபை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. கோடன் கிழக்கே பார்த்தான். அங்கே முள் இருந்தது. இங்கே பார்த்தான். இங்கே கண்கள் இருந்தன. சேற்றானுக்குப் பின்னால் மூங்கில்காடு வரை நடந்தான். அங்கே பன்றி ஒரு பக்கம் திரும்ப, அவன் இன்னொரு பக்கம் நழுவிப் போனான். இன்றைக்கும் காட்டில் எங்காவது தனியாக ஒரு கொம்பன் நின்றுகொண்டு எல்லார் மேலும் கோபப்படுவதைப் பார்த்தால், அது அவன் வகையறா என்று சொல்கிறார்கள்.

நெருஞ்சி பாறையிலிருந்து இறங்கி, நான்கு காலையும் மண்ணில் அழுத்தி, அடிவயிற்றிலிருந்து உறுமினாள். காதுக்குக் கேட்காத உறுமல் அது, மண்ணுக்குத்தான் கேட்கும். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மலை வழியாக, சமவெளி வழியாக, செம்மணல் வழியாக அந்த உறுமல் போனது. தேரிக்காட்டில் காவோலை மென்றுகொண்டிருந்தவர்களின் புண்பட்ட பாதங்களுக்கு அது ஏறியது: வீட்டுக்கு வாங்க.

அன்றே கிளம்பிவிட்டார்கள். யானை இல்லாத பன்றிகள் மறுபடியும் வெறும் பன்றிகள் ஆனார்கள். பகலுக்கு அவர்கள், இரவுக்கு முள்ளம்பன்றிகள் என்று பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிப் போனார்கள். ஒரே ஒரு காலைத் தள்ளி வைத்த யானையைப் பற்றி வளைகளுக்குள் வெகுகாலம் பேசிக்கொண்டார்களாம்.

முதல் மழை இறங்கிய அன்று படை குடக்குமலைக்கு வந்து சேர்ந்தது. நொண்டியபடி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி, ஆனால் போனவர்கள் அத்தனை பேரும். கடம்பன் எல்லோருக்கும் முன்னால் ஓடைக்கரைக்குப் போய் நின்றான். இப்போது அவன் கால் நான்கும் தரையில் இருந்தன. கூட்டமே எக்காளமிட்டது. அந்தப் பிளிறலில் மூங்கில்காட்டுக் கிளிகள் மொத்தமாகக் கிளம்பி வானத்தைப் பச்சையாக்கின. போர் போர் என்று இத்தனை நாள் கத்திய சத்தம் இதில் பாதிகூட இருக்காது.

ஒரு தாய் தன் மகனின் வாய்க்குள் துதிக்கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்த ஓலை மட்டும் இருந்தது. பழத்தின் வாசனையே இல்லை. அவள் துதிக்கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு அழுதாள். அவனும் தன் துதிக்கையை அவள் வாய்க்குள் வைத்தான். மூங்கில் பட்டை. அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். யார் என்ன தின்றார்கள், யார் பட்டினி கிடந்தார்கள் என்று ஒருவரிடம் ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நெருஞ்சியிடம் வந்து கடம்பன் வாயைத் திறந்தான். "பாரு, சுத்தம்."

"நீ சொல்லித் தெரியணுமா?" என்றாள். சொல்லிவிட்டு, துதிக்கையை உள்ளே விட்டுக் கடைவாய் வரை பார்த்தாள்.

அன்று முதல்தான், காட்டில் எந்த இரண்டு யானைகள் சந்தித்துக்கொண்டாலும், அது அக்கா தம்பியானாலும் ஆள்கிறவரானாலும், ஒன்று மற்றதன் வாய்க்குள் துதிக்கை நுனியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்ந்து நடக்கத் தொடங்குகின்றன.